குழந்தைக்கு முதல் முறையாகப் பல் அடைக்கும்போது: நாள் குறிப்பதிலிருந்து மறுபரிசோதனை வரை

"பால் பல்தானே, எப்படியும் விழப்போகிறது. அதைப் போய் எதற்கு அடைக்க வேண்டும்?" சொத்தை என்று பல் டாக்டர் சொன்னதும் வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். நியாயமான கேள்விதான். பெற்றோருக்கே பதில் தெளிவாக இல்லையென்றால் குழந்தையைத் தயார்படுத்துவதும் அரைமனதாகத்தான் நடக்கும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

முன்பக்கப் பால் பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கிவிடும். ஆனால் அடைக்கச் சொல்வது பெரும்பாலும் கடைவாய்ப் பால் பற்களை. அவை 10 முதல் 12 வயது வரை இருந்து மெல்ல வேண்டியவை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தப் பல்லோடு இன்னும் ஐந்தாறு வருட வேலை பாக்கி இருக்கிறது. பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லின் எனாமலில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் உள்பகுதியோ பல்லின் அளவுக்குச் சற்றுப் பெரியது. அதனால் சொத்தை உள்ளே போய்ச் சேர அதிக நாள் பிடிக்காது. சேர்ந்துவிட்டால் ராத்திரி வலி, வீக்கம், சீழ். அந்தச் சீழ் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலையும் பாதிக்கக்கூடும். பல்லைச் சீக்கிரமே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து, பின்னால் முளைக்கவிருக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று: ஆறு வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைக்கும் பெரிய பல் நிரந்தரப் பல். பலர் அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். சொத்தை எந்தப் பல்லில் என்று டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

சொத்தை என்றாலே குடைந்து அடைப்பது என்றில்லை. சின்னக் குழந்தைகளுக்கு இப்போது வேறு வழிகளும் உண்டு, அவற்றில் சிலவற்றுக்கு ஊசியே தேவையில்லை.

சில்வர் டயமைன் ஃப்ளூரைடு என்ற திரவத்தைச் சொத்தையின் மேல் தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நின்றுபோகும். தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதுதான் குறை. கடைவாயில் என்றால் பலரும் பொருட்படுத்துவதில்லை. கைக்கருவியால் மென்மையான சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டை வைத்து அடைக்கும் முறை ஒன்று. இந்தத் திரவத்தையும் சிமெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது, ஆகவே இவை ஏதோ ஒப்புக்குச் செய்யும் வைத்தியம் அல்ல. மூன்றாவது, ஹால் முறை: குடையாமல், மரப்பு ஊசி போடாமல், சொத்தைப் பல்லின் மேல் உலோகக் கேப் ஒன்றைப் பொருத்தி, சொத்தையை உள்ளேயே அடைத்துவிடுவது. கடைவாய்ப் பால் பற்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

இவை எல்லாப் பல்லுக்கும் பொருந்தாது. சொத்தை நரம்பை எட்டிவிட்டால் இதெல்லாம் போதாது, சாதாரண ஃபில்லிங்கும் போதாது. ஆனால் கேட்பதில் தவறே இல்லை: "ஊசி இல்லாமல் செய்யக்கூடிய வழி இந்தப் பல்லுக்கு இருக்கிறதா?" அடைப்பதுதான் வழி என்றால் அடுத்த கேள்விகள் இவை. எவ்வளவு நேரம் ஆகும்? மரப்பு ஊசி உண்டா? எந்தப் பொருளால் அடைப்பீர்கள்? நான் உள்ளே கூட இருக்கலாமா? குழந்தை நடுவில் மறுத்தால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். "பிடித்துக்கொண்டு முடித்துவிடுவோம்" என்று பதில் வந்தால், அவசரமில்லாத ஒரு ஃபில்லிங்குக்காக அதை ஏற்க வேண்டுமா என்று யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. குழந்தைகள் பல் மருத்துவத்தில் தனிப் படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் அவர்களிடம் போவது நல்லது.

நீங்களும் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை, ஆஸ்துமா, இதயக் கோளாறு, ரத்தம் உறைவதில் பிரச்சினை, தினசரி சாப்பிடும் மருந்து, முன்பு எங்காவது ஊசி போட்டபோது நடந்த ரகளை, சத்தமோ தொடுதலோ பொறுக்காத சுபாவம், ஆட்டிசம் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தையின் இப்போதைய எடையும் தெரிந்திருக்க வேண்டும். மரப்பு மருந்தின் உச்ச அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

நேரம் என்றால் காலை. சின்னக் குழந்தைகள் காலையில்தான் தெளிவாக இருக்கும். தூக்க நேரத்திலோ, நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு வந்த சோர்விலோ வேண்டாம்.

முதலில் உங்கள் பயம்

உங்களுக்கே பல் டாக்டர் என்றால் வயிற்றைக் கலக்குமா? அது குழந்தைக்குத் தெரிந்துவிடும். நீங்கள் வாயே திறக்காவிட்டாலும், இறுகப் பிடித்த கையிலிருந்தும் குரலிலிருந்தும் தெரிந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு வீட்டில் யார் நிதானமானவரோ அவர் கூடப் போகட்டும். அப்பா, அத்தை, தாத்தா, யாரானாலும் சரி.

இன்னொரு வேலையும் இருக்கிறது. "சேட்டை பண்ணினால் டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டல் உங்கள் வீட்டில் புழக்கத்தில் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். தண்டனை தருகிறவர் என்று நீங்களே அறிமுகப்படுத்திய ஆளிடம் வாயைத் திறந்து காட்டு என்றால் குழந்தை எப்படிக் காட்டும்? வீட்டுப் பெரியவர்கள், அண்ணன், அக்கா எல்லோரிடமும் பேசி வையுங்கள். "எனக்கு அப்போ எப்படி வலிச்சுது தெரியுமா" என்ற வீரகதைகள் ஃபில்லிங் முடியும் வரை வேண்டாம்.

எப்போது சொல்வது, என்ன சொல்வது

மூன்று வயதுக் குழந்தைக்கு முந்தின நாள் மாலையோ அன்று காலையோ சொன்னால் போதும். நான்கு, ஐந்து வயதென்றால் ஒன்றிரண்டு நாள் முன்னால். ஏழு வயதுக்கு மேல் என்றால் சில நாள் முன்னதாகவே சொல்லி, கேள்வி கேட்க இடம் கொடுக்கலாம். எந்த வயதிலும் சொல்லாமல் அழைத்துப்போவது மட்டும் கூடாது. "கடைக்குப் போறோம்" என்று கிளம்பி பல் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் அன்றைக்கு எப்படியாவது வேலை முடிந்துவிடலாம். அடுத்த முறை செருப்பை மாட்டவே விடாது.

சொல்வது சின்னதாக இருக்கட்டும், ஆனால் உண்மையாக இருக்கட்டும். உதாரணத்துக்கு இப்படி:

"உன் கடைவாய்ப் பல்லில் ஒரு சின்ன ஓட்டை இருக்கு இல்லையா, டாக்டர் அதைச் சுத்தம் பண்ணி மூடப் போறாங்க. நீ நாற்காலியில் படுத்துக்கலாம். நான் பக்கத்துலயே இருப்பேன். முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடுவோம்."

இவ்வளவுதான். கூட இருக்க அனுமதி உண்டா என்று முன்பே கேட்டு உறுதி செய்த பிறகே "பக்கத்துல இருப்பேன்" என்று சொல்லுங்கள். கருவிகளின் பட்டியலையெல்லாம் நீங்கள் விளக்க வேண்டாம். அதை டாக்டர் தன் பாணியில் செய்வார்.

பெற்றோர் அதிகம் சறுக்குவது ஒரே வார்த்தையில்தான்: "வலிக்காது." ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அதுவரை வலியைப் பற்றி நினைக்காத குழந்தையும் அந்த நொடியில் நினைக்கத் தொடங்கிவிடும். பிறகு ஊசி சுருக்கென்று குத்தினால் அம்மா சொன்னது பொய்யாகிவிடும், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. "பயப்படாதே", "அழக் கூடாது", "ஒண்ணுமே இல்ல" எல்லாம் இதே வகைதான். மருத்துவ நேரங்களில் பெற்றோர் திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்லும்போது குழந்தையின் பதற்றம் கூடுவதையும், வேறு பேச்சில் கவனத்தைத் திருப்பும்போது தணிவதையும் ஆய்வுகளிலும் கவனித்திருக்கிறார்கள்.

சரி, குழந்தையே நேராகக் கேட்டுவிட்டால்? "ஊசி போடுவாங்களா?" என்ற கேள்விக்கு "இல்லவே இல்லை" என்று சொல்லாதீர்கள். "பல்லைத் தூங்க வைக்க ஒரு மருந்து கொடுப்பாங்க. அப்போ கொஞ்சம் கிள்ளுற மாதிரி இருக்கலாம், அழுத்துற மாதிரியும் இருக்கலாம். அந்த நேரம் நீ கால் விரலை ஆட்டிக்கிட்டே இரு, நான் உன் காலைத் தொட்டுக்கிட்டே இருப்பேன்." உண்மையும் சொல்லியாயிற்று, அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலையும் கொடுத்தாயிற்று. "பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று கணக்குச் சொல்ல வேண்டாம். மருந்தை மெதுவாகச் செலுத்தினால்தான் வலி குறைவு, அதற்குப் பத்துக்கு மேலேயே ஆகும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் "அதை டாக்டர்கிட்டயே கேட்போம்" என்று சேர்த்து வையுங்கள். கேட்க வேண்டிய கேள்வியோடு போகிற குழந்தைக்கு அங்கே தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும்.

வீட்டில் ஒத்திகை

சோபாவில் படுக்க வைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு பல்லாக எண்ணுங்கள். பால் பற்கள் மொத்தம் 20. அப்புறம் குழந்தை டாக்டராகி உங்கள் பல்லை எண்ணட்டும், பொம்மைக்கும் பார்க்கட்டும். இந்த விளையாட்டில் பழக வேண்டியவை மூன்று: மல்லாந்து படுப்பது, வாயைத் திறந்தபடி வைத்திருப்பது, வாய் திறந்திருக்கும்போதே மூக்கால் மூச்சு விடுவது. மூன்றாவதுதான் உண்மையில் கடினம். வாயில் தண்ணீர் பீச்சும்போது மூக்கால் மூச்சு விடத் தெரியாத குழந்தை மூச்சு முட்டுவதாக நினைத்துப் பதறும். தினமும் ராத்திரி பல் தேய்க்கும்போது சில நொடி பழக்கினாலே போதும்.

கை தூக்கும் சைகையையும் சேர்த்துப் பழக்குங்கள். "இடது கையைத் தூக்கினால் நிறுத்துவாங்க" என்று ஒப்பந்தம். ஒத்திகையில் குழந்தை கையைத் தூக்கியதும் நீங்கள் உண்மையாகவே நிறுத்த வேண்டும். டாக்டரிடமும் இந்த ஒப்பந்தத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான குழந்தைகள் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை தூக்கிச் சோதித்துப் பார்ப்பார்கள். நிற்கிறது என்று தெரிந்ததும் விட்டுவிடுவார்கள்.

ஊசி போடுவது போலவோ குடைவது போலவோ விளையாட்டு வேண்டாம்.

அன்று காலை

வீட்டில் மெத்தென்ற இலகுவான உணவு, கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு. மரத்துப்போன வாயோடு பிறகு வெகுநேரம் மெல்ல முடியாது என்பதால் பட்டினியாக அழைத்துப்போக வேண்டாம். வயிறு முட்டவும் கொடுக்காதீர்கள், பதற்றத்தில் வாந்தி வரலாம். ஆனால் மயக்க மருந்தோ உறக்க மருந்தோ தரப்போகிறார்கள் என்றால் கதை வேறு. முழு மயக்கத்துக்கு வழக்கமாகத் திட உணவை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த நேரத்தை ஒரு வாய் கூடப் பிசகாமல் பின்பற்ற வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சளி பிடித்து மூக்கடைத்திருந்தால் முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். சிலருக்குப் பதற்றம் குறைய நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சின்ன மூக்கு மாஸ்க் வழியாகக் கொடுப்பார்கள். குழந்தை விழித்தபடியே, கொஞ்சம் மிதப்பாக இருக்கும். நிறுத்திச் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்ததும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். மூக்கு அடைத்திருந்தால் இது வேலைக்காகாது. நீங்களாகத் தூக்க மருந்து, சளி மருந்து என்று எதையும் கொடுத்து அமைதிப்படுத்தி அழைத்துப்போகக் கூடாது.

தளர்வான உடை, பிடித்த பொம்மை, ஹெட்போன் இருந்தால் அது. பத்து நிமிடம் முன்னால் போனால் போதும். ஒரு மணி நேரம் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து உள்ளேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் செய்த ஒத்திகை எல்லாம் வீணாகிவிடும்.

உள்ளே நடப்பது

வரிசை உங்களுக்குத் தெரிந்திருந்தால் நடுவில் நீங்கள் திடுக்கிட மாட்டீர்கள். முதலில் ஈறின் மேல் மரப்பு ஜெல் தடவி ஓரிரு நிமிடம் விடுவார்கள். பிறகு ஊசி. குழந்தையின் பார்வையில் படாமல் ஊசியைக் கையாள டாக்டர்களுக்குத் தெரியும். எட்டிப்பார்த்து முகத்தைச் சுளித்துக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நாம்தான். மரத்ததும் பல்லைச் சுற்றி ரப்பர் உறை மாட்டலாம். தண்ணீரும் துகள்களும் தொண்டைக்குள் போகாமல் அது தடுக்கும். அப்புறம் குடையும் மெஷின். கீச்சென்ற சத்தமும் அதிர்வும் இருக்கும், கூடவே உறிஞ்சும் குழாயின் இரைச்சல். சொத்தையை எடுத்துவிட்டு அடைப்பார்கள். பல் நிறக் காம்போசிட் என்றால் நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பார்கள். வெளிச்சத்தைப் பார்க்காமலிருக்க ஆரஞ்சுக் கண்ணாடி தருவதுண்டு. பாதரசம் கலந்த வெள்ளி ஃபில்லிங்கை 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தவிர்க்க, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2022-இல் முடிவெடுத்தன. ஒரு பல்லுக்கு எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் அளவில் முடிந்துவிடும்.

நல்ல டாக்டர் ஒவ்வொன்றையும் முதலில் சொல்லி, பிறகு விரல் நகத்தின் மேல் காட்டி, அதன் பிறகே வாயில் செய்வார். அடெல்ஸ்டன் என்பவர் 1959-இல் எழுதிவைத்த இந்த "சொல், காட்டு, செய்" முறைதான் இன்றும் குழந்தைகள் பல் மருத்துவத்தில் பாலபாடம்.

இந்த நேரத்தில் உங்கள் வேலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். குழந்தையிடம் ஒரு நேரத்தில் ஒரே குரல்தான் பேச வேண்டும், அது டாக்டருடைய குரல். அவர் "திற" என்றதும் நீங்களும் "திற, திற, நல்லாத் திற" என்று பின்பாட்டுப் பாடினால் குழந்தை யாரைக் கேட்பது என்று தெரியாமல் திணறும். காலிலோ கையிலோ உங்கள் கை இருக்கட்டும், அது போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையை உங்கள் மடியில் வைத்தே பார்க்கலாம். நீங்களும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிராக உட்கார்ந்து, குழந்தையின் தலை அவர் மடியில் இருக்குமாறு சாய்த்துக்கொள்வது அதற்கான வழக்கமான நிலை.

அழுதால்? அழட்டும். அழுதுகொண்டே வாயைத் திறந்து வைத்திருக்கும் குழந்தை ஒத்துழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் வலிக்கிறது என்று சொன்னாலோ கையைத் தூக்கினாலோ "சும்மா சொல்றா" என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். மரப்பு போதாமல் இருக்கலாம். நிறுத்திப் பார்த்து, தேவையென்றால் இன்னும் கொஞ்சம் மருந்து கொடுப்பார்கள்.

சில நாள் முடியவே முடியாமல் போகும். குடையத் தொடங்கியிருந்தால் தற்காலிகமாக மூடி அனுப்புவார்கள். தொடங்கவில்லை என்றால் சில்வர் டயமைன் ஃப்ளூரைடு தடவிக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். சொத்தைகள் பல இருந்து, குழந்தையும் மிகச் சின்னது என்றால், ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிப்பதைப் பற்றியும் பேசலாம். எதுவானாலும் அந்த அறையில் வைத்துத் திட்டாதீர்கள்.

அடுத்த மூன்று மணி நேரம்

ஃபில்லிங்கைவிட அதிகப் பிரச்சினை வருவது இங்கேதான். உதடும் கன்னமும் இரண்டு மூன்று மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் மரத்திருக்கும். குழந்தைக்கு அது புது விளையாட்டு. வலியே தெரியாததால் கடித்துப் பார்க்கும், உறிஞ்சும், நகத்தால் கிள்ளும். மரப்பு விட்டதும் உதடு வீங்கிப் புண்ணாகியிருக்கும்.

கிளம்பும்போதே கண்ணாடியில் முகத்தைக் காட்டி, "காலை மடக்கி உட்கார்ந்தா கால் மரத்துப்போகுமே, அது மாதிரி உன் உதடு இப்போ மரத்திருக்கு. கொஞ்ச நேரத்துல சரியாயிடும், அதுவரைக்கும் கடிக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். மரப்பு தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருங்கள். தூங்க விடாமல் இருந்தால் நல்லது, தூக்கத்திலும் கடிப்பார்கள். மெல்லும் உணவும் சூடான பானமும் வேண்டாம். குளிர்ந்த பானத்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

மீறிக் கடித்துவிட்டால், மறுநாள் அந்த இடம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரியும். சீழ் என்று பயந்து ஆன்டிபயாடிக் தேட வேண்டாம், அது ஆறும் புண்ணின் மேல்தோல். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும், உதட்டில் கொஞ்சம் வாசலினும் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் காட்டுங்கள்.

பாராட்டும்போது எதற்கு என்று சொல்லிப் பாராட்டுங்கள். "வெளிச்சம் காட்டுற வரைக்கும் வாயைத் திறந்தே வெச்சிருந்தியே" என்பது "சமத்து" என்பதைவிட நன்றாகப் பதியும். அடுத்த தடவை எதைச் செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பரிசு கொடுப்பதானால் முடிந்த பிறகு கொடுங்கள். "அழாமல் இருந்தால் சைக்கிள்" என்று முன்னாலேயே பேரம் பேசினால், அவ்வளவு பெரிய பரிசு தருமளவுக்கு ஏதோ பயங்கரம் இருக்கிறது என்றுதான் குழந்தைக்குப் படும்.

மறுநாளும் அதற்குப் பிறகும்

காம்போசிட் என்றால் மரப்பு விட்டதும் சாப்பிடலாம். கிளாஸ் அயனோமர் என்றால் முதல் நாள் அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்க வேண்டாம். ஈறில் லேசான வலியும், குளிர்ச்சி பட்டால் கூச்சமும் சில நாள் இருக்கலாம். தேவைப்பட்டால் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம், அளவை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேயி நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

"கடிச்சா முதல்ல இந்தப் பல்தான் படுது" என்று குழந்தை சொன்னால் ஃபில்லிங் சற்று உயரமாக இருக்கிறது என்று பொருள். போய்த் தேய்த்துச் சரிசெய்துகொள்ளலாம், ஊசி எதுவும் வேண்டாம். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஈறில் கொப்புளம், முக வீக்கம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். வீக்கத்தோடு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

அடைத்த பல் மறுபடி சொத்தையாகாது என்ற உத்தரவாதம் கிடையாது. குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, தினம் இரண்டு வேளை. ஏழெட்டு வயது வரை தேய்த்துவிடும் கை உங்களுடையதாக இருக்கட்டும். ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். பேஸ்ட்டைத் துப்பினால் போதும், வாய் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் சேர்ந்து போய்விடும்.

மறுபரிசோதனைக்கு வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வரச் சொல்வார்கள். அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு பக்கம் இருந்த சொத்தை மறுபக்கத்திலும் தலைகாட்டுவது சகஜம். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே உள்ளது எக்ஸ்ரேயில்தான் தெரியும். அந்த முறை ஒன்றும் செய்யாமல், நாற்காலியில் ஏறிப் படுத்து, பல்லை எண்ணிவிட்டு இறங்குவதாகவே இருந்தால் ரொம்ப நல்லது. தேதியை ஃபில்லிங் முடிந்த அன்றே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.